புதிய சைக்கிள் தடம்: எந்த நேரம் யாருக்கு, வழி எது, சைக்கிள் எங்கிருந்து?

கமலாக்கா_தாமான்:

வணக்கம். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்னப் பட்டணம் எங்களுடையது. பழைய தோட்டத் திடலில் நகராண்மைக் கழகம் சைக்கிள் தடம் போட்டிருக்கிறது. 750 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் தட்டையான தார்ச் சுற்று ஒன்று. அதற்கு உள்ளே மேடும் பள்ளமும் சரிந்த வளைவுமாக ஒரு பம்ப் டிராக். விளக்குக் கம்பம் நட்டாயிற்று, மின்சாரம் இன்னும் வரவில்லை. ஒரு வாசல், ஒரு கழிப்பறை, தகரக் கூரை போட்ட கொட்டகை. அவ்வளவுதான்.

திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் குடியிருப்பாளர் தரப்பில் ஒரு பயன்பாட்டுத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்க அமைப்பும் சேர்ந்து எழுதுகிறோம்.

நிலவரம் இதுதான். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் அடுக்குமாடியிலும் பக்கத்துத் தாமானிலும் (வீடமைப்புப் பகுதி) இருக்கின்றன. அங்கிருந்து தடத்துக்கு 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதி, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடும் பெரிய சாலை. கம்போங் (மலாய்க் கிராமம்) தடத்துக்குப் பக்கம், கடைத்தெரு அதற்கு அந்தப் பக்கம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பாதிப் பிள்ளைகளிடம் சைக்கிள் கிடையாது. இருக்கிற பையன்களில் சிலர் பிரேக்கைக் கழற்றி மாற்றியமைத்த, பாசிக்கால் லாஜாக் எனப்படும் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். பட்டணத்துச் சைக்கிளோட்ட மன்றம் ஒன்று சனி, ஞாயிறு காலை முழுவதையும் தங்களுக்கே கேட்டுக் கடிதம் போட்டுவிட்டது.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது? பிள்ளைகளை எப்படிப் பத்திரமாக அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? பொதுச் சைக்கிள் வாங்கினால் எத்தனை, என்ன அளவு? திறந்த பிறகு என்னென்ன கெட்டுப்போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தடமேலாளர்:

கமலாக்கா, விதிமுறையை முதலில் எழுத உட்காராதீர்கள். மணிக்கணக்கை முதலில் எழுதுங்கள். யாருக்கு எந்த மணி என்று தாளில் இல்லாவிட்டால், முதல் மூன்று மாதத்தில் யார் வந்து பழகினார்களோ அவர்களுக்கே அந்த இடம் சொந்தமாகிவிடும். பிறகு அவர்களை நகர்த்துவது லேசான காரியமில்லை.

விளக்கு வரும்வரை, ஆட்கள் உண்மையிலேயே வரக்கூடிய நேரம் இவ்வளவுதான்: திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 முதல் 7 வரை, வாரம் 10 மணி நேரம். சனி, ஞாயிறு காலை 7 முதல் 10 வரையும் மாலை 4.30 முதல் 7 வரையும், இரண்டு நாளும் சேர்த்து 11 மணி. ஆக 21. மதியம் 12 முதல் 4 வரை தார் கொதிக்கும், அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்து யாரையும் சமாதானப்படுத்தாதீர்கள். மாலை மழை பல நாட்களைத் தின்றுவிடும் என்பதால் இந்த 21 மணியும் கைக்கு வராது.

என் பங்கீடு இப்படி இருக்கும்: 10 மணி எல்லாருக்கும் பொது, முன்பதிவு கிடையாது. 4 மணி பிள்ளைகள் பழகும் வகுப்பு. 3 மணி பெண்களுக்கு. 4 மணி மன்றத்துக்கு. பள்ளிகளுக்கு இந்த 21-லிருந்து எதையும் எடுக்க வேண்டாம். வார நாள் காலை 8 முதல் 10 வரை தடம் சும்மா கிடக்கும், உடற்கல்வி நேரத்துக்கு அதுதான் பொருத்தம்.

மன்றம் கேட்டதை அப்படியே கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் பகை இல்லை, கணக்கு. மணிக்கு 35 கிலோமீட்டரில் ஓடும் கூட்டம் 750 மீட்டரை 77 விநாடியில் சுற்றிவிடும். மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் 7 வயதுப் பிள்ளைக்கு அதே சுற்று நாலரை நிமிடம். அப்படியானால் அந்தக் கூட்டம் 108 விநாடிக்கு ஒருமுறை பிள்ளையைத் தாண்டும், ஒரு மணி நேரத்தில் 33 முறை. 5 மீட்டர் அகலத்தில் பிள்ளை ஒருமுறை வலப்பக்கம் ஒடித்தால் போதும். ஆகவே வேகக்காரர்களுக்குத் தனி மணி கட்டாயம் வேண்டும், அதே காரணத்தால் அது குறைவாகவும் இருக்க வேண்டும். ஞாயிறு காலை 7 முதல் 9 வரையும், வார நாளில் ஒரு மாலையும் கொடுங்கள். சுற்று அவர்களிடம் இருக்கும்போதும் பம்ப் டிராக் பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கட்டும். ஆனால் அதற்குப் போகும் வழி சுற்றைக் குறுக்கே வெட்டுகிறதா என்று பாருங்கள். வெட்டினால் அங்கே கொடியோடு ஓர் ஆளை மன்றமே நிறுத்த வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

ஒதுக்கீடு எல்லாமே மூன்று மாதத்துக்குத்தான், தானாகப் புதுப்பிக்கப்படாது. நேரத்துக்கு 15 நிமிடம் தாண்டியும் ஆள் வரவில்லையென்றால் அந்த மணி பொதுவுக்குப் போய்விடும். இந்த இரண்டு வரியும் இல்லாத திட்டம் ஒரு வருடத்தில் நாலைந்து பேரின் குத்தகையாகிவிடும்.

இன்னொன்று. இன்றைக்குத் தோட்டத்தில் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான். ஞாயிறு அவர்களுக்கு ஓய்வு. பொது நேரத்தில் ஞாயிறு மாலை கண்டிப்பாக இருக்க வேண்டும், அறிவிப்புப் பலகையில் மலாய், தமிழ், சீனத்தோடு வங்காளமும் இருக்க வேண்டும். ஊர்த் தடம் என்றால் ஊரில் இருக்கிற எல்லாருக்கும்தான்.

குறுக்குவழி:

வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல ஊர்களில் தடம் நன்றாக இருக்கும், பிள்ளைகள் வரமாட்டார்கள், "ஆர்வமில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆர்வம் இல்லாமல் இல்லை. அம்மா விடமாட்டார், லோரிக்குப் பயந்து.

நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய சாலையை மாலை 4.30 முதல் 5.30 வரை போய்ப் பாருங்கள். காலையில் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும், ஆலைக்குக் குலை போகும் நேரம் வேறு. லோரி நீளமாக இருப்பதால் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் ஓரத்தை வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநரின் இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே நிற்கும் சின்னச் சைக்கிள் அவர் கண்ணில் படாது. சந்திப்பில் லோரிக்கு இடப்பக்கம் நுழையவே கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் பதியாது. பள்ளித் திடலில் லோரியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் பிள்ளையை ஏற்றி உட்காரவைத்து, கீழே நிற்கும் நண்பன் தெரிகிறானா என்று கேளுங்கள். ஒரு தடவை போதும்.

அதைவிட நல்லது பெரிய சாலையையே தவிர்ப்பது. தாமானுக்குப் பின்னால் தோட்டத்துச் செம்மண் சாலை போகுமே, அது திடல்வரைக்கும் வருகிறதா? வந்தால் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். அது தனியார் சாலை, அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டமாகப் போனால் காவல் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. கடிதத்தில் நாள், மணி, பிள்ளைகள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர், போகும் பாதையின் படம் ஐந்தும் இருக்கட்டும். "எப்போதும் திறந்துவிடுங்கள்" என்று கேட்டால் மறுப்பார்கள். "சனிக்கிழமை 4.15-க்குப் போய் 6.45-க்குத் திரும்புவோம்" என்று கேட்டால் யோசிப்பார்கள். குலை ஏற்றும் நேரத்தையும் மருந்து தெளிக்கும் நாளையும் தோட்டக் கணக்கரான கிராணியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது கூட்டமாக: முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர், நடுவில் 12 பிள்ளைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் இரண்டு கூட்டம், நடுவே 100 மீட்டர் இடைவெளி. வேகம் கடைசிப் பிள்ளையின் வேகம். கிளம்பும்போதும் சேரும்போதும் தலை எண்ண வேண்டும், திரும்பும்போது இன்னும் கவனமாக, ஏனென்றால் ஒருவன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டிருப்பான், அவனைத் தேடிக்கொண்டு நிற்பீர்கள்.

சக்கரக்கடை:

பொதுச் சைக்கிளுக்கு என் கணக்கு: 12 சைக்கிளில் தொடங்குங்கள். 20 அங்குலச் சக்கரம் 6, இது சுமார் 115 முதல் 135 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைகளுக்கு. 24 அங்குலம் 4, சுமார் 130 முதல் 150 வரைக்கும். 26 அங்குலம் 2, பெரியவர்கள் பழக. வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே வகையாக, ஒரே வால்வாக இருக்கட்டும். மோட்டார் டியூபில் இருக்கிற அதே வால்வு போதும். ஆனால் பெட்ரோல் நிலையக் காற்றுக்குழாயைச் சின்ன டியூபில் வைக்காதீர்கள், நொடியில் வெடித்துவிடும். அளவுமானி வைத்த கைப்பம்பு வாங்குங்கள். 20 அங்குல டயருக்கு 40 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கலாம், டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்சத்தைத் தாண்டக் கூடாது.

வாங்கியதும் முதல் வேலை கழற்றுவது. ஸ்டாண்ட், முன்கூடை, மட்கார்டு மூன்றும் போகட்டும். பம்ப் டிராக் மேட்டில் குதிக்கும்போது ஸ்டாண்ட் தானாக இறங்கித் தாரில் கொத்தும், பிள்ளை தூக்கி எறியப்படும். பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகைச் சைக்கிள் தட்டைச் சுற்றுக்குச் சரி, பம்ப் டிராக்குக்குச் சரிவராது. அங்கே இரண்டு பெடலும் சமமட்டத்தில் நிற்க வேண்டும். சமப்படுத்த லேசாகப் பின்னால் திருப்பினாலே சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: ஹேண்டல் குழாயின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். பிடி ரப்பர் கிழிந்து, இரும்பு வளையம் வெளியே தெரிகிற சைக்கிளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிள்ளை விழும்போது ஹேண்டல் திரும்பி அந்த முனை வயிற்றில் ஏறும். மூடி இல்லாவிட்டால் வட்டக் கத்தி மாதிரி வெட்டும். மூடி இருந்தாலும் ஈரல், மண்ணீரல் அடிபடலாம், வெளியே சின்னச் சிவப்பு வட்டம் மட்டும் தெரியும், வலி சில மணி நேரம் கழித்துத்தான் கூடும். வயிற்றில் ஹேண்டல் குத்தியது என்று பிள்ளை சொன்னால் "ஒன்றுமில்லை, தைலம் தேய்" என்று விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை: பிரேக் கைப்பிடியை முழுதாக அமுக்கினாலும் ஹேண்டலைத் தொடக்கூடாது. சின்ன விரலுக்கு எட்டாவிட்டால் கைப்பிடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை உள்ளே திருகினால் கைப்பிடி நெருங்கிவரும். செயினை நடுவில் தூக்கினால் 1 சென்டிமீட்டர் அளவு ஆட வேண்டும். அதிகம் ஆடினால் கழன்று விழும், ஆடவே இல்லையென்றால் மிதிப்பது கனக்கும். செயினுக்குப் பழைய இன்ஜின் எண்ணெய் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு, வேண்டாம். செம்மண் தூசியைப் பிடித்து அரைத்துத் தின்றுவிடும். செயின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

கையிருப்பு: 20 அங்குல டியூப் 10, 24 அங்குலம் 6, பிரேக் கட்டை 10 ஜோடி, பிரேக் கம்பி 6, முனைமூடி 20, பஞ்சர் ஒட்டு 50. டியூப் இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். செம்பனை மட்டையின் முள்ளும் குலையின் முள்ளும் லோரியிலிருந்து உதிர்ந்து சாலையில் கிடக்கும், பிள்ளைகள் வரும் வழியெல்லாம். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்து நிற்கும், துணி அதில் மாட்டும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அன்றைக்கே மறுபடி பஞ்சர். ஒட்டுப் போடும்போது பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு. உரசி, பசை தடவி, ஐந்து நிமிடம் பளபளப்புப் போகும்வரை காயவிட்டு, அப்புறம் அழுத்துங்கள்.

தலைக்கவசம் மோட்டார் கவசமாக வேண்டாம். பிள்ளையின் கழுத்துக்கு அது பாரம், வெயிலில் தாங்காது. ஐரோப்பியத் தரம் இஎன் 1078 என்று உள்ளே ஒட்டியிருக்கும் சைக்கிள் கவசம் வாங்குங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைப் பட்டைக்குக் கீழே ஒரு விரல். பெண் பிள்ளைகள் கொண்டையை உச்சியில் போட்டு வந்தால் கவசம் பின்னால் சரிந்து நெற்றி திறந்துவிடும். பின்னலைப் பிடரிக்குக் கீழே தாழ்த்திப் போடச் சொல்லுங்கள். பேன் பயத்துக்குத் தலையில் ஒரு பருத்திக் கைக்குட்டை கட்டிக்கொண்டு போடலாம். பூச்சி மருந்தோ தின்னரோ கவசத்தில் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் வெள்ளை நுரை கரையும்.

வாசல்_காவல்:

லாஜாக் விஷயத்துக்கும் வாசலுக்கும் வருகிறேன்.

2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிளோடு சாலையில் இருந்த 8 இளையர்கள் கார் மோதி இறந்தார்கள். அதற்குப் பிறகு லாஜாக் என்றாலே விரட்டு என்பதுதான் எல்லா இடத்திலும் பழக்கம். என் கருத்து வேறு. தடத்திலிருந்து விரட்டினால் அவன் போய் நிற்கப்போவது அதே பெரிய சாலையில்தான். பிரேக் இல்லாமல் உள்ளே விடக்கூடாது, அதில் தளர்வே வேண்டாம். ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். அந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் பழைய மலைச் சைக்கிள் சட்டம்தான், பிரேக் மாட்டும் முளை பின்பக்கம் அப்படியே இருக்கும். ஒரு வி-பிரேக் ஜோடி, ஒரு கம்பி, ஒரு கைப்பிடி இருந்தால் அரை மணியில் மாட்டிவிடலாம். மாட்டுவதை அவன் கையாலேயே செய்யவிடுங்கள். சோதனை எளிது: பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினால் சக்கரம் சுழலாமல் தேய வேண்டும். இந்தப் பையன்களுக்குச் சமநிலை அபாரம். பம்ப் டிராக்கில் மிதிக்காமலே உடம்பை ஏற்றி இறக்கி வேகம் எடுப்பதை இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

வாசல். மோட்டார் நுழையாமல் இருக்க வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பு போடுவார்கள். கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளின் ஹேண்டல் அகலம் சுமார் 70 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கும் மூன்று சக்கரச் சைக்கிளுக்கும் அதைவிட அதிக இடம் வேண்டும். அதாவது மோட்டாரைத் தடுக்கும் எந்த இடுக்கும் மாற்றுத்திறனாளியை முதலில் தடுத்துவிடும். ஆகவே 1.2 மீட்டர் திறப்பு, பூட்டும் கதவு, பொறுப்பான ஆள் என்று போங்கள். தடுப்பை நம்பாதீர்கள். ஆம்புலன்ஸ் நுழைய அகலமான இன்னொரு கதவு இருக்கிறதா? இருந்தால் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். சுற்றில் 100 மீட்டருக்கு ஓர் எண் பூசிவிடுங்கள். அவசர எண் 999-க்கு அழைக்கும்போது "4-ஆம் எண் பக்கம்" என்றால் வாசலில் நிற்பவர் உடனே வழிகாட்ட முடியும்.

தடமேலாளர் சொன்ன 10 மணிப் பொது நேரத்தில் எனக்கு ஓர் உறுத்தல். பொது நேரம் என்றால் ஆள் இல்லாத நேரம் என்று ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு பொது மணிக்கும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. தனி ஒருவர் பிள்ளைகளோடு இருக்கும் ஏற்பாடே வேண்டாம். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் 10 மணியை 6 ஆக்குங்கள், கிடைக்கக் கிடைக்கக் கூட்டுங்கள்.

இன்னொன்று, நகராண்மைக் கழகம் ஒப்பந்தம் போட ஒரு பதிவு பெற்ற அமைப்பைக் கேட்கலாம். சைக்கிள் மன்றம் தொடங்கினால் அது 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிய வேண்டியது, சங்கப் பதிவிலாகாவில் இல்லை. தவறான இடத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். நீங்கள் நடத்தும் வகுப்பில் பிள்ளைக்கு அடிபட்டால் யாருடைய காப்புறுதி என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தார்வேலை:

எல்லாரும் மனிதர்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் தண்ணீரைப் பற்றி.

அந்தக் கடலோரச் சமவெளியில் மண் மெத்தென்றிருக்கும், களியும் கரிமண்ணும். போட்ட தார் சீராக உட்காராது. ஒப்பந்தக்காரருக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும், பொதுவாக 12 அல்லது 24 மாதம். எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெரிய மழைக்கும் அரை மணி கழித்துப் போய், தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றி மஞ்சள் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். மூன்று மழைக்கும் ஒரே இடத்தில் வட்டம் விழுந்தால் அது பள்ளம். படத்தோடு கடிதம் கொடுத்தால் ஒப்பந்தக்காரர் சரிசெய்வார். காலம் முடிந்து கொடுத்தால் உங்கள் பட்டியலில் அது நிரந்தரமாக நிற்கும்.

பம்ப் டிராக்கில் மேடுகளுக்கு இடையே தாழ்ந்த இடத்தில்தான் வடிகுழாய் வாய் இருக்கும். செம்பனைப் பூத்தூளும் இலையும் அதை அடைக்கும். திறப்பதற்கு முன் ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது வெளியே எங்கே வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால் குழாய் வேலையின்போதே மண் அடைத்திருக்கிறது. சுற்றில் இரும்புக் கம்பி மூடி எங்காவது இருந்தால் அதன் கம்பிகள் சைக்கிள் ஓடும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாட்டில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கும், ஆள் தலைகுப்புற விழுவார். இதைத் திறப்பு விழாவுக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

தடத்தின் ஓரத்தில் புல் பிடிக்காமல் செம்மண் திறந்து கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் சேறு தாரில் படியும். காய்ந்த பிறகு மேலே மாவு தூவினாற்போல் இருக்கும், வளைவில் சக்கரம் வழுக்கும். பத்தை பத்தையாகப் புல் வைத்து மூடுங்கள், அதுவரை தும்புத்தடி எடுத்துத் தினமும் வளைவுகளைக் கூட்டுங்கள். விளக்கு வந்த பிறகு மழை நின்ற இரவில் ஈசல் கொட்டும், அதையும் கூட்டித்தான் ஓட வேண்டும்.

வளைவில் மெத்தைக்குப் பதிலாகப் பழைய டயர் அடுக்குவார்கள். டயருக்குள் மழைத்தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு. முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள்தான். 1975 ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதமும் வரும். டயர் வைத்தே தீர வேண்டுமென்றால் அடிப்பக்கம் நாலு துளை போடுங்கள், இல்லையென்றால் உள்ளே மண் நிரப்பிச் செடி வையுங்கள். வாரம் ஒருநாள் கழிப்பறைத் தொட்டி, கொட்டகைத் தகரக் கால்வாய், டயர் மூன்றையும் பார்க்க ஓர் ஆள் பேர் சொல்லி ஒதுக்குங்கள். பொதுவாக "எல்லாரும்" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

இடி கேட்டால் நிறுத்தம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி. பக்கம் திறந்த அந்தத் தகரக் கொட்டகை மின்னலுக்கு அடைக்கலம் இல்லை. கழிப்பறைக் கட்டடம், மூடிய கார், வேன் இவைதான். வேன் இல்லாமல் 30 பிள்ளையைக் கூட்டிவந்தால் எங்கே ஒளியவைப்பீர்கள் என்பதை முன்பே யோசித்து வையுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வகுப்பு ரத்து, பள்ளிகளும் அந்த அளவில்தான் வெளிப்புற நடவடிக்கையை நிறுத்துகின்றன.

கமலாக்கா_தாமான்:

எல்லாருக்கும் நன்றி. வடிகுழாய்க்கு வாளித் தண்ணீர் ஊற்றும் வேலையை இந்தச் சனிக்கிழமையே செய்துவிடுகிறோம். வாசல்_காவல் ஐயா சொன்னபடி ஆள் கிடைக்கும் மணிக்கு மட்டும் திறப்பதாக எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பெண்களுக்கு 3 மணி என்று தடமேலாளர் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் பலருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது, தொழிற்சாலை பஸ்ஸில் போய்வருகிறவர்கள். ஆசை இருக்கிறது, விழுந்து கைகால் உடைந்தால் வேலை போகுமே என்று பயம். அவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது? எந்த நேரம் வைப்பது?

ஜெயா_பயிற்சி:

நேரத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள் அக்கா, தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் போய்க் கேளுங்கள். காலை 7 முதல் 3 வரை வேலை பார்ப்பவருக்கு மாலை 5 முதல் 6.30 வரை முடியும், அதற்கு மேல் சமையல். சிறு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. பக்கத்திலேயே பாய் விரித்து, இரண்டு பாட்டிமார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் வகுப்பு நிறையும். இல்லாவிட்டால் முதல் வாரத்தோடு காலியாகும். அந்த ஒன்றரை மணியில் தடத்தில் வேறு யாரும், படம் எடுக்கும் கைப்பேசியும், இருக்கக் கூடாது.

உடை: நீளப் பாவாடை, துப்பட்டா, பாஜு கூரோங் (மலாய் நீள உடை) மூன்றும் செயினில் மாட்டும். தளர்ந்த கால்சட்டையானால் வலது காலைக் கணுக்காலுக்கு மேல் ரப்பர் வளையத்தால் கட்டுங்கள், செயின் அந்தப் பக்கம்தான். செருப்பு வேண்டாம், மூடிய காலணி.

பின்னால் நின்று சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய முறையை விட்டுவிடுங்கள். பிடித்திருப்பவர் கொடுக்கும் சமநிலையைத்தான் பழகுபவர் பழகுவார், விட்டதும் விழுவார். இரண்டு பெடலையும் கழற்றுங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதியும் அளவுக்குச் சீட்டைத் தாழ்த்துங்கள். 20 மீட்டர் அளவுக்கு லேசான சரிவான தளத்தில், முதலில் நடக்கட்டும், அப்புறம் காலால் தள்ளட்டும், அப்புறம் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உருளட்டும். பிரேக் பிடித்து நிற்பதை உருளுவதற்கு முன்பே சொல்லித்தர வேண்டும். நிறுத்தத் தெரியும் என்ற தைரியம் வந்த பிறகுதான் தோள் இறுக்கம் தளரும். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஐந்து விநாடி காலைத் தூக்கி உருள முடிந்துவிட்டால் பெடலை மாட்டலாம். பலருக்கு 45 நிமிட வகுப்பு மூன்று நான்கு போதும், சிலருக்கு இன்னும் சில வகுப்புகள் வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பயிற்றுநருக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம்.

பெடல் கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பானர். வலதுபக்கப் பெடல் வழக்கம்போல் கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால் கழலும். இடதுபக்கம் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் போட்டு இறுக்கி மரையை உரித்துவிடுவார்கள், அப்புறம் பெடல் மாட்டும் தண்டான கிராங்கையே மாற்ற வேண்டிவரும். பெடலின் அச்சு முனையில் எந்தப் பக்கம் என்று எழுத்துப் பொறித்திருக்கும், மாட்டும்போது அதைப் பார்த்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றைக் கையால் மட்டும் திருகுங்கள்.

தார்வேலை:

ஜெயா சொன்ன லேசான சரிவுக்கு வேறு இடம் தேட வேண்டாம் அக்கா. சுற்றில் தண்ணீர் வடியும் பக்கமாக ஒரு சரிவு விட்டிருப்பார்கள். வாளித் தண்ணீர் ஊற்றப் போகும்போது ஒரு பந்தையும் கொண்டுபோய் உருட்டிப் பாருங்கள், அது மெதுவாக ஓடிப்போகிற இடம்தான் வகுப்புக்கு.